வேலாயுதம் கேட்ட வரி எண்

சென்ற செவ்வாயன்று கோட்டையூரிலிருந்து ஆள் வந்து, "வேலாயுத வாத்தியார் காலமாகிட்டாக" என்றார். நேரில் பார்த்தீரா என்று இரண்டு முறை கேட்ட பிறகே சட்டையை மாட்டினேன். சந்தேகப் புத்தி என் கூடப் பிறந்தது. அதனால் அவருக்கு நான் செய்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காரைக்குடிப் பள்ளியொன்றில் இருவரும் இங்கிலீஷ் வாத்தியார்கள். ஒரே வகுப்பின் இரு பிரிவுகள். பரீட்சையில் ஒரு பத்தியைக் கொடுத்துக் கீழே கேள்விகள் கேட்பார்கள். என் பிள்ளைகள் மனம்போனபடி பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அவருடைய பிள்ளைகளோ முதலில் கேள்வியைப் படித்து, பத்தியின் வரிகளுக்கு எண் போட்டு, விடை கிடைத்த வரியின் எண்ணையும் ஓரத்தில் குறிப்பார்கள். "உன் அபிப்பிராயத்தை யாருடா கேட்டா? வரியைக் காட்டு" என்ற அவர் குரல் சுவர் தாண்டிக் கேட்கும்.

ஓர் அரைப்பரீட்சையில் அவர் பிரிவின் தாள்களை நான் திருத்தினேன். எல்லாத் தாளிலும் ஒரே விடை, ஒரே வரி எண். வினாத்தாள் அடித்த அச்சகக்காரர் வேறு அவருக்கு உறவு. வேலாயுதம் அதைப் பிள்ளைகளுக்கு முன்பே காட்டிவிட்டார் என்று முடிவு கட்டித் தலைமையாசிரியருக்கு மொட்டைக் கடிதம் போட்டேன். நிரூபணமானால் அவர் வேலை போய்விடும்.

தலைமையாசிரியர் கடிதத்தை அவரிடமே கொடுத்து விளக்கம் கேட்டார். பிறகு யாரும் பார்த்திராத பத்தி ஒன்றைத் அவர் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தாமே கரும்பலகையில் எழுதி, என்னைக் காவல் நிற்கச் சொன்னார். அப்போதும் ஒரே விடை, ஒரே வரி எண். எனக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே நின்ற வேலாயுதத்திடம், "கடிதம் எழுதுனது யாருன்னு விசாரிச்சீகளா?" என்றேன், ஆழம் பார்க்கத்தான்.

"அது எதுக்கு? வாங்க, காப்பி குடிப்போம்" என்றார்.

பத்து வருஷம் தினமும் சேர்ந்து காப்பி குடித்தோம். தெரிந்திருக்குமோ என்று தினமும் அவர் முகத்தைப் பார்ப்பேன்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவியார் ஓர் உறையைத் தந்தார். "உங்க கையில குடுக்கச் சொன்னாக."

உள்ளே என் மொட்டைக் கடிதம். வரிகளுக்கு எண் போட்டிருந்தார். அடியில் சிவப்பு மையில்: "ஆதாரம் காட்டவில்லை. மார்க் இல்லை. கையெழுத்து மட்டும் வழக்கம்போல் அழகு."

திருத்தியது சரிதான், வேலாயுதம். மன்னித்தேன் என்று ஏதாவது வரியில் இருக்குமா எனத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை. அதற்கு அந்தக் காப்பியைத்தான் நான் வரியாகக் காட்ட வேண்டும். போய் வாருங்கள்.