பஸ்ஸில் போன வால்டரண்ணா

மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். நிர்வாகம் என் மனைவி. இங்கிலீஷ் இலாகா நான். அந்த இலாகாவின் லட்சணம் ஒரு ரஷ்யப் பெண்மணி வந்து தங்கியபோதுதான் வெளியே தெரிந்தது.

அவர் எங்கே போனாலும் ஒரு கருப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போவார். என் அறைப் பூட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை. உள்ளே கேமரா இருக்கும் என்று நானே முடிவு செய்திருந்தேன். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போன அன்றும் பெட்டி கூடவே போனது. சாயங்காலம் செங்கல்பட்டு வழியாகப் பஸ்ஸில் திரும்பி வந்தவர், வாசலிலேயே நின்று அழ ஆரம்பித்துவிட்டார்.

"வால்டோர்னா," என்றார். "வால்டோர்னா... பஸ்... கோ."

அவர் போனில் மொழிபெயர்த்துக் காட்டலாம் என்றால், நாரைகளைப் படமெடுத்தே சார்ஜ் தீர்ந்திருந்தது. எங்களுடையதோ பட்டன் போன்.

"இன்னாவாம்?" என்று மனைவி ஈரக் கையோடு வந்தாள்.

"வால்டரண்ணா பஸ்லயே போய்ட்டாராம்."

எங்கள் பக்கம் வால்டர்களுக்குப் பஞ்சமில்லை. சர்ச் தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். ஒரு வெள்ளைக்காரம்மா 'அண்ணா' சேர்த்துச் சொல்கிறாரே என்று எனக்கு மரியாதை வேறு கூடிவிட்டது.

"தனியாத்தான வந்துச்சு இந்தம்மா?" என்றாள் மனைவி.

"வந்த எடத்துல பழக்கமாயிருப்பாரு. நமக்கு இன்னாத்துக்கு அந்த ஆராய்ச்சி?"

"நோ வால்டோர்னா, நோ ஜாப்," என்றார் அந்தம்மா. அவர் இல்லாமல் ஊருக்குப் போனால் வேலை போய்விடும் என்பது மட்டும் எனக்கே புரிந்தது.

"முதலாளியவா பஸ்ல வுட்டுட்டு வந்துகீது?" என்றாள் மனைவி, பதறிப்போய்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீசில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். போன் போட்டேன். ஆள் எப்படி இருப்பார், கலரா, மாநிறமா என்று கேட்டார். நான் அந்தம்மாவைக் கேட்டேன்.

"யெல்லோ."

"மஞ்சக் காமாலதான். ஆசுபத்திரிலயும் கேக்கச் சொல்லு," என்றாள் மனைவி.

"டாக்கிங்? வால்டரண்ணா டாக்கிங்?" என்று கேட்டேன். என் இங்கிலீஷில் இதற்குமேல் ஆழம் கிடையாது.

"ஒன்லி வித் மீ."

அந்தப் பதிலில் மனைவி உருகிவிட்டாள். நான் ஒரே ஒரு நாள் மாமியார் வீட்டில் அவளைத் தவிர யாரோடும் பேசாமல் இருந்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

"ஹீ நவ் வேர்?"

"பாக்ஸ். பிளாக் பாக்ஸ்."

மனைவி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிணத்தைப் பஸ்ஸில் ஏற்ற எந்தக் கண்டக்டர் விட்டான் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவளேதான் எழுந்தாள்.

"யோவ். அந்தம்மா கைல எப்பவும் ஒரு கருப்புப் பொட்டி இருக்குமே. எங்க அது?"

இங்கிலீஷ் இலாகா அந்த நிமிடமே நிர்வாகத்தோடு இணைக்கப்பட்டது.

ஆட்டோ பிடித்து, அந்தம்மாவின் போனை ஆட்டோக்காரரின் சார்ஜ் வயரில் சொருகிக் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் போனுக்கு உயிர் வந்தது, படத்தைக் காட்டி மொழிபெயர்ப்பில் விவரமும் சொன்னார். சுருட்டிச் சுருட்டி வைத்த மஞ்சள் பித்தளைக் குழல், ஊதுகிற வாத்தியம். இசைக்குழுவில் அதை ஊதுவதுதான் அவர் வேலையாம். ஜெர்மன்காரர்கள் 'வால்ட்ஹார்ன்' என்கிறார்களாம். வால்ட் என்றால் காடு, ஹார்ன் என்றால் கொம்பு. ரஷ்யர்கள் அதை வாங்கி வாயில் போட்டு மென்று வால்டோர்னா ஆக்கிவிட்டார்கள். போலந்துக்காரர்களும் ஏறக்குறைய அப்படியே. இப்போது அந்தச் சொல்லில் எந்த ரஷ்யனுக்கும் காடு கேட்பதில்லை என்று சிரித்தார். எனக்கு அது புதிதில்லை. ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் போர்த்துகீசியர் கொடுத்தவை. திறக்கும்போது யாருக்கு லிஸ்பன் தெரிகிறது? நல்லவேளை, அந்தம்மா 'ஹார்ன்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊரிலுள்ள லாரிகளையெல்லாம் நிறுத்தியிருப்பேன்.

டைம் ஆபீஸ்காரர் எங்களைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணாத்த, மஞ்சளா ஒருத்தரும் எறங்கல. ஒரு பொட்டிதான் கெடச்சிது."

அந்தம்மா கையை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை.

"ஆளத் தேடச் சொன்னீங்க, இப்ப பொட்டிய கேக்கிறீங்க. இது இவுங்களுதுன்னு நான் எப்பிடி நம்புறது?"

குழப்பியவன் நான். அந்தம்மாவுக்கு மொழி தேவைப்படவில்லை. அவர் மேஜை மேலேயே பெட்டியைத் திறந்து, குழலை எடுத்து, அதன் அகன்ற வாய்க்குள் ஒரு கையை விட்டுக்கொண்டு ஊதினார்.

தாழ்ந்த, வெதுவெதுப்பான சத்தம். நாலைந்து சுரம்தான். கல்பாக்கம் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். ஓட்டுநர் தன் ஹார்ன் மேல் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"சரி," என்றார் டைம் ஆபீஸ்காரர், காலிப் பெட்டியை எங்கள் பக்கம் தள்ளி. "இவருதான். கூட்டினு போங்க."

அந்தம்மா அதைப் பெட்டிக்குள் வைக்கவே இல்லை. திரும்பும் வழியெல்லாம் மடியில் கிடத்தி, மேடு பள்ளம் வரும்போது கையால் அணைத்துக்கொண்டு வந்தார்.