கம்பளிக் குல்லாவும் சாம்பல் பட்டையும்

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பிரிண்டரில் கறுப்பு வெள்ளைப் படம் போட்டுத் தந்தவர் அவர். பெயர் தெரியாது. சித்திரை வெயிலிலும் கம்பளிக் குல்லாவைக் கழற்றமாட்டார். கேட்டால், மெஷினுக்காகப் போட்ட ஏசி குளிர்கிறது என்பார்.

அந்த மெஷினில் சாம்பல் நிறம் ஒரு நாள் பச்சையாகச் சாயும், மறுநாள் சிவப்பாகச் சாயும். அதனால் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக ஒரு பட்டை அச்சடிப்பார். முடியின் கறுப்பிலும் நரையிலும் பச்சையோ சிவப்போ சாயாது என்பது அவர் கணக்கு; வாசல் வெளிச்சத்தில் வாடிக்கையாளர் தலைமுடியோடு அதை ஒட்டிப் பார்த்து மையைக் கூட்டிக் குறைப்பார்.

கலரில் வயது தெரிந்துவிடும் என்று, பெண் வீட்டாருக்குக் கொடுக்கக் கறுப்பு வெள்ளைப் படம் போடப் போயிருந்தேன். என் தலையில் பட்டையை வெகுநேரம் நகர்த்தினார்.

"எந்தக் கடைச் சாயம் வே இது? இம்புட்டுக் கறுப்பு என் மெஷின்ல கெடையாது."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"படத்த மட்டும் பாரும்" என்றேன்.

"படத்துக்குத்தான் பாக்கேன். காதோரம் சாயம் படாத முடி கொஞ்சம் கெடக்கு. அத வச்சுச் சரி பண்ணிருதேன்."

படம் அருமையாக வந்தது. காதோர நரை அதைவிட அருமையாக வந்திருந்தது.

"அடுத்தவன் தலை எதுக்கு? உம்ம தலைய வச்சுப் பாக்க வேண்டியதுதான?" என்றேன்.

குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏசி குளிருதுல்லா வே."

ஏசி அன்றைக்கு ஓடவே இல்லை.