சிங்களப் பிள்ளைகளுக்கு நான் படிப்பித்த தமிழ்

தாய்மொழியைப் படிப்பிப்பது லேசு என்று சொல்கிறவர்கள், அதை ஒருநாளும் படிப்பித்துப் பார்க்காதவர்கள். சம்பளத்துக்காக அந்த வேலையைச் செய்து, "ஏன் அப்பிடி?" என்ற கேள்விக்கு "அது அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டவர்கள் உங்களில் யாரும் இருந்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறந்து அதிக காலம் ஆகவில்லை. தெற்கிலிருந்து சிங்களப் பிள்ளைகள் பலர் விஞ்ஞானமும் கணிதமும் படிக்க வந்திருந்தார்கள். விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் சாப்பாட்டுக் கடையும் பஸ்ஸும் வாடகை வீடும் தமிழில்தான் நடந்தன. அவர்களுக்குப் பின்னேரத்தில் தமிழ் வகுப்பு வைப்பதென்று முடிவானபோது, தமிழில் எம்.ஏ. செய்துகொண்டிருந்த இரண்டு பேர் அகப்பட்டோம். தொடக்க வகுப்பு எனக்கு, இடைநிலை வகுப்பு சிவநேசனுக்கு. நான் மயிலிட்டியில் கடல்தொழில் செய்கிற குடும்பத்துப் பெண். சிவநேசன் சாவகச்சேரிப் பக்கத்தில் தோட்டப்பயிர் செய்கிற வீட்டுப் பிள்ளை. பழைய பாட்டு எதைக் கொடுத்தாலும் இருவரும் பிரித்துப் பொருள் சொல்வோம். "நான் நாளைக்கு வரமாட்டன்" என்பதை மொழி தெரியாத ஒருவருக்கு எப்படி விளக்குவதென்று இருவருக்கும் தெரியாது.

முதல் வாக்கியம்

எங்களுக்குத் தந்த பாடப்புத்தகம் சென்னையில் அச்சானது. அதன் முதல் வாக்கியம், "நான் பள்ளிக்குச் செல்கிறேன்." அதைக் கரும்பலகையில் எழுதி, நான் வாசிக்க, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். எழுவாய், பயனிலை எல்லாம் நல்லாகவே போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அலுவலகத்தில் வேலை செய்கிற கந்தையா அண்ணை வாசலில் வந்து நின்றார். "பிள்ளை, உங்களைத் தேடி ஒராள் வந்து நிக்கிறார்" என்றார். "கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ அண்ணை, இப்ப வாறன்" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் வகுப்பு முழுதும் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மாத்தறையிலிருந்து வந்த நிமல், நான் இப்போது அவரோடு என்ன மொழியில் கதைத்தேன் என்று ஆங்கிலத்தில் கேட்டான். தமிழில்தான் என்றேன். அவன் கரும்பலகையைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். பிறகு மிகவும் மரியாதையாக, ஆங்கிலத்திலேயே கேட்டான்:

"அப்ப இந்தப் புத்தகத்திலை இருக்கிற பாஷையைக் கதைக்கிற ஆக்கள் எந்த ஊரிலை இருக்கினம், மிஸ்?"

பாரை மீன்

வருட முடிவில் சோதனை அந்தப் புத்தகத்தில்தான் என்பதால் அதைக் கைவிட முடியவில்லை. "சந்தையில்" என்ற பாடம் வந்தது. சுனில் என்றொரு பொடியன், தங்காலையில் மீன்பிடிக்கிற குடும்பம். அந்தப் பாடத்தில் மட்டும் அவன் எல்லாரையும் முந்திவிட்டான். சாளை, சூடை, பாரை, கும்பிளா என்று நான் சொல்லச் சொல்ல, "சாலயா, சூடயா, பராவா, கும்பலாவா" என்று சிங்களத்தில் திருப்பித் தந்தான். அரைவாசி மீன் இரண்டு பாஷைக்கும் பொது என்று கண்டதும் அவனுக்குத் தலைகால் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமையே யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள கொழும்புத்துறைக் கரைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

அங்கே மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு மனுசிக்கு முன்னால் போய் நின்று, புத்தகத்தில் உள்ளபடியே, "அம்மையே, இந்தப் பாரை மீனின் விலை என்னவென்று கூறுவீர்களா?" என்று கேட்டிருக்கிறான். மனுசி பக்கத்துக் கடைக்காரியையும் கூப்பிட்டுக் காட்டி, அவனை இன்னொருதரம் சொல்லச் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தவனின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தான்:

"தம்பி ரேடியோவிலை செய்தி வாசிக்கிறவரோ எண்டு அவ கேட்டா மிஸ்! நீங்கள் அவ்வளவு நல்லாப் படிப்பிச்சிருக்கிறீங்கள்!"

உது

சிவநேசனுக்கு வந்த தலையிடி வேறு. புத்தகத்தில் இது, அது என்ற இரண்டும்தான் இருந்தன. ஆனால் பிள்ளைகள் வெளியே போனால் "உதை எடு", "உவன் ஆர்?", "உங்கை என்ன செய்யிறாய்?" என்று ஊரெல்லாம் கேட்டது. உது என்றால் என்ன என்று கேட்டார்கள். சிவநேசன் வீட்டில் இருந்து யோசித்து, படமெல்லாம் கீறிக்கொண்டு வந்தான்.

பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கதிரைகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கதைக்கிறவர் இருக்க ஒரு கதிரை, கேட்கிறவர் இருக்க ஒரு கதிரை, நடுவில் டஸ்டர் வைக்க நீட்டு வாங்கு. டஸ்டரை அங்கும் இங்கும் மாற்றி வைத்து, "இப்ப இது... இப்ப அது... இப்ப பாருங்கோ, உது!" என்று வியர்க்க வியர்க்க நின்றான். கேட்கிறவருக்குக் கிட்ட இருந்தால் உது என்பதை விளக்கி முடிக்க அரைமணித்தியாலம் போய்விட்டது. பிள்ளைகள் தங்களுக்குள் சிங்களத்தில் குசுகுசுத்தார்கள். கடைசியில் காலியிலிருந்து வந்த ஒரு பெண் எழும்பினாள். சிங்களத்தில் 'ஒய' என்றொரு சொல் இருப்பதாகவும், அதுவும் கேட்கிறவருக்குக் கிட்ட இருப்பதைத்தான் குறிக்கும் என்றும், தாங்கள் குழந்தையாக இருந்தபோதே அதைச் சொல்லத் தொடங்கிவிட்டதாகவும் ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு, தமிழ் வகுப்பில் தமிழில்தான் முடிக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, சிவநேசன் கையில் இருந்த டஸ்டரைக் காட்டிச் சொன்னாள்:

"சேர், உது எங்களிட்டையும் இருக்கு."

வலி

இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். நடந்த அன்று நான் சிரிக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் நிமலுக்குத் திடீரென்று வயிற்றுக்குத்து. சுனில்தான் அவனை வாடகைக் காரில் ஏற்றி, கிட்டவிருந்த ஒரு சின்ன ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனான். போனவன் நான் படிப்பித்த தமிழில், "என் நண்பனுக்கு வலி வந்துவிட்டது" என்று சொல்லியிருக்கிறான். புத்தகப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் வயிறு நோகும், தலை இடிக்கும், கால் உளையும். வலி வந்துவிட்டது என்றால் இழுப்பு, அதாவது வலிப்பு, வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். வாசலில் நின்ற இரண்டு பேர் பாய்ந்து வந்து நிமலைக் கட்டிலில் போட்டு, ஒருவர் காலை அமத்திப் பிடிக்க, மற்றவர் பூட்டுகள் திறக்கிற இரும்புத் திறப்புக் கோர்வை ஒன்றை அவன் கையில் திணித்து, விரலை மடக்கி இறுக்கிப் பிடித்திருக்கிறார். வயிறு வெடிக்கிற மாதிரி நோகிறவனின் காலை அமத்தினால் அவன் துடிக்காமல் என்ன செய்வான்? அவன் துடிக்கத் துடிக்க அவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

ஆங்கிலம் தெரிந்த டொக்டர் வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. குடல்வால். உடனே பெரிய ஆசுப்பத்திரிக்கு அனுப்பி, அன்றைக்கே வெட்டி எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் உள்ளே வெடித்திருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். அதைக் கேட்ட உடனே தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு எந்த மொழியில் தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, நிமல் படுத்தபடியே உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

"மிஸ், திறப்பு எண்ட சொல்லை நான் இனி மறக்கமாட்டன்."

வாய்மொழிச் சோதனை

சிவநேசனின் வகுப்பில் சுனேத்ரா என்ற பெண் இருந்தாள். கண்டிப் பக்கம். அரியாலையில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வீட்டுக்கார அம்மாவுக்குப் பெண்பிள்ளை இல்லை, கதைக்க ஆள் வேண்டும். இரண்டு வருடத்தில் எங்கள் இருவராலும் செய்ய முடியாததை அந்த அம்மா குசினி அடுப்படியில் வைத்துச் செய்து முடித்துவிட்டார்.

வாய்மொழிச் சோதனைக்கு வெளியிலிருந்து ஒரு பண்டிதர் வந்தார். "நேற்று மாலை என்ன செய்தீர்?" என்று சுனேத்ராவைக் கேட்டார். "நேற்றுப் பின்னேரம் அம்மாவோடை கோயிலுக்குப் போனனான் ஐயா. மழை இருட்டிக்கொண்டு வந்தது, அருச்சனையும் செய்யாமல் ஓடி வந்திட்டம்" என்றாள். பண்டிதர் பேனையை மூடினார். இது தமிழ்ப் பிள்ளை, வேறு யாருக்கோ பதிலாக வந்து இருக்கிறது, ஆள்மாறாட்டம் என்றார். அது நிரூபணமானால் வளாகத்தை விட்டே நிறுத்திவிடுவார்கள். சுனேத்ரா பையைத் துழாவி அடையாள அட்டையைக் காட்டினாள், படத்தில் இருந்த முகம் யாருடையதாகவும் இருக்கலாம் போலிருந்தது. சிங்களத்தில் கதைக்கச் சொன்னார். கதைத்தாள். அது நல்ல சிங்களமா கெட்ட சிங்களமா என்று சொல்ல அந்த அறையில் ஒருவரும் இல்லை.

சிவநேசன்தான், "எழுதச் சொல்லிப் பாருங்கோ ஐயா" என்றான். அவள் எழுதினாள்: "நான் வெல்லிக்கிழமை பல்லிக்குப் போகவில்லை." பண்டிதர் அதை இரண்டு தரம் வாசித்தார். சிங்களப் பிள்ளைகள் எல்லாருக்கும் ளவும் லவும் ஒன்றுதான். அவருடைய முகத்தில் வந்த நிம்மதி, சுனேத்ராவின் முகத்தில் வந்ததை விடப் பெரிது.

"இந்தப் பிழையை விட்டிராட்டி நான் உம்மைப் பெயில் விட்டிருப்பன், பிள்ளை."

பந்துல

பந்துல என்றொருவன் என் வகுப்பில் யன்னலோரமாக இருப்பான். ஊர் குருநாகல். ஒரு வகுப்பும் தவறமாட்டான், ஒரு வாக்கியமும் சொல்லமாட்டான். எழுப்பிக் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு இருந்துவிடுவான். "குடும்பம்" என்ற பாடத்தில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல, நானும் என் அண்ணை குருநாகலில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிறார் என்று சொன்னேன். பந்துல தலையை நிமிர்த்தி, "என்ரை ஊர்" என்றான். அதுதான் அவன் அதுவரை சொன்ன ஆக நீளமான வாக்கியம்.

எழுபத்தேழு ஆவணியில் கலவரம் வந்தது. தெற்கிலிருந்து தமிழ்ச் சனம் அடிபட்டு வரத் தொடங்கியது. அண்ணையைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அம்மா கடற்கரைப் பக்கம் பார்த்தபடி சாப்பிடாமல் இருந்தா. வளாகத்தில் சிங்களப் பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் கூட்டி, பொலிஸ் காவலோடு பஸ்ஸில் ஊருக்கு அனுப்ப ஆயத்தம் செய்தார்கள். சிவநேசன் அவர்களைப் பார்க்கப் போகிறேன் என்றதால் நானும் போனேன். சுனேத்ரா அழுதுகொண்டிருந்தாள். நிமல் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தான். நான் கதவடியில் நின்றேன்.

பந்துல எழும்பி வந்தான். "அண்ணை?" என்று கேட்டான். ஒரு செய்தியும் இல்லை என்று தலையை ஆட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் சோதனைக்கு எழும்பினவன் மாதிரிச் சொல் தேடிக்கொண்டு நின்றான். பிறகு, "மிஸ், பயப்பிடாதேங்கோ" என்றான். எதிர்மறை ஏவல் பாடத்துக்கு நாங்கள் இன்னும் வரவில்லை. அதற்குள் பஸ்ஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் அண்ணை கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். உடுத்த உடுப்போடு, நெற்றியில் தையலோடு. குருநாகலில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் மற்றத் தமிழ் ஆட்களோடு தஞ்சமாக இருந்தாராம். அங்கே ஒரு சிங்களப் பொடியன் வந்து, வாசலில் நின்ற பொலிஸோடு வாக்குவாதப்பட்டு, உள்ளே வந்து ஒவ்வொருவராக என் பேரைச் சொல்லி விசாரித்திருக்கிறான். பந்துல பிறகு வேறு வளாகத்தில் சேர்ந்துகொண்டான் என்று கேள்வி. நான் அவனைக் காணவேயில்லை. அவன் என்ன சொன்னான் என்று அண்ணையைக் கேட்டேன்.

"அவனுக்குத் தமிழ் வடிவா வராது போலை. 'தங்கச்சி சுகம், அழுகுது' எண்டு மட்டும் சொன்னான். எனக்கு அது காணும்தானே, வேறென்ன வேணும்."

அந்த வருடம் சோதனை நடந்திருந்தால், 'அழுகுது' என்ற வினைமுற்றில் திணை பிழை என்று அவனுக்கு நான் மாக்ஸ் குறைத்திருப்பேன் என்பதைத் தவிர இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.