ஆயர் குறை சொன்ன ஒரே நாள்

என் வீட்டுக்காரி ஆயர் இல்லத்தில் சமையல்காரி. மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆயரோ தினமும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பிரமாதம்மா" என்பார். அதைக் கேட்டால் இவளுக்குத் தலைகால் புரியாது.

அவர் போய்ச் சேர்ந்து, நேற்று மாதா கோயிலில் நினைவுக் கூட்டம். பேச வந்த டாக்டர் சும்மா இருக்காமல், பழைய ஆபரேஷன் ஒன்றில் ஆயருக்கு நாக்கில் ருசியே போய்விட்டது, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை என்று போட்டு உடைத்தார். எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். இவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

வீட்டு வாசலில் செருப்பை உதறினாள்.

"அப்போ இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் பொய்யா?"

"உன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பாருடி."

"அப்புறம் ஏன் அன்னிக்கு மட்டும் சூப்புல உப்பு ஜாஸ்தின்னாரு? 'நீ வீட்டுக்குப் போம்மா'ன்னு விரட்டினாரே! உப்பு சரியாத்தான் இருந்துச்சு. ருசியே தெரியாதவருக்கு உப்பு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

எனக்கும் பிடிபடவில்லை. அந்த நாள் மட்டும் ஞாபகம் இருக்கிறது. மகளுக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது. லீவு கேட்க ரோஷப்பட்டு இவள் வேலைக்குப் போய்விட்டாள். மதியமே ஆயரைத் திட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். இவள் மடியில் போட்டுக்கொண்ட பிறகுதான் பிள்ளை கண்ணை மூடித் தூங்கியது.

அதைச் சொன்னேன்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்னு நான் அங்க யார்கிட்டயும் வாயே திறக்கலையே" என்றாள். அழுகிறாளா, அவரைத் திட்டுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.