மார்க்கெட்டுக்குள் ஒரு கிரவுண்டு

திருவாரூரிலிருந்து மன்னார்குடி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கானா நாட்டிலிருந்து படிக்க வந்தவர். முழங்கால் முன்சீட்டில் இடிக்கும் உயரம். துவைத்துத் துவைத்து எண் அழிந்துபோன பச்சை ஜெர்சி. அறுப்பு முடிந்த வயல் வந்தால் போதும், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அகலம் பார்ப்பார். கண்டக்டர் இரண்டு முறை அதட்டிவிட்டார்.

ஒரு வயலில் பையன்கள் கோலுக்குக் கம்பு நட்டுப் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"இது எந்த கிளப் கிரவுண்டு, அண்ணே?" ஹாஸ்டல் மெஸ்ஸில் கற்ற தமிழ்.

"கிரவுண்டு இல்லீங்க, வயல். தண்ணி வந்தா நட்டுடுவாங்க."

"எங்க தெரு கிளப் கிரவுண்டு இப்ப மார்க்கெட். கிளப் ஆரம்பிச்ச நாள் வந்தா பழைய ஆளுங்க எல்லாம் உள்ள போய், அவங்கவங்க ஆடின இடத்துல நிப்பாங்க. கோல்கீப்பர் மீன் கடையில. எங்க அப்பா தக்காளிக் கடையில."

"டீம் இப்பவும் ஆடுதுங்களா?"

"இல்லண்ணே. நிக்கிறது மட்டும்தான். அப்பா போன வருஷம் இறந்துட்டார். இனிமே அந்த இடத்துல நான் நிக்கணும். நான் இங்க இருக்கேன்."

"அப்ப அங்க யாரு நிப்பாங்க?"

"யாரும் இல்ல. கடைக்கார அம்மா கூடையை நகத்தி வச்சு, அந்த இடத்தைக் காலியா விடுவாங்க."

சாதாரணமாகத்தான் சொன்னார். மன்னார்குடியில் இறங்கிக் கூட்டத்தோடு போய்விட்டார்.

ஆனி மாதம் அதே பஸ்ஸில் போனேன். அந்த வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. கோல் கம்பு எங்கே இருந்தது என்று பார்த்தேன், பிடிபடவில்லை. அவராக இருந்தால் கையை நீட்டிக் காட்டியிருப்பார்.