மூன்று முறை வந்த வரி

ஒருத்தியின் வேலையைப் பிடுங்க எனக்கு ஒரே ஒரு வரிக் கட்டளை போதுமானதாக இருந்தது. அதை எழுதிய அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. இடுப்பில் பேஜர் மாட்டியவனெல்லாம் பெங்களூரில் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு திரிந்த காலம். ரெசிடென்சி ரோடு பக்கம் ஒரு பேஜர் கம்பெனியில் கம்ப்யூட்டர்களை நான் பார்த்துக்கொண்டேன். யாருக்காவது செய்தி போக வேண்டுமென்றால் எங்களுக்குப் போன் செய்து பேஜர் நம்பரையும் செய்தியையும் சொல்ல வேண்டும். ஹெட்போன் மாட்டிய பெண்கள் அதை டைப் அடித்து அனுப்புவார்கள். அனுப்பிய ஒவ்வொன்றும் லாக் ஃபைலில் ஒரு வரியாக விழும்: அழைப்பு எண், நேரம், அனுப்பிய பெண், பேஜர் நம்பர், செய்தி.

அந்தப் பெண்களில் ஒருத்திக்கு விவேக் நகர். நான் ஆஸ்டின் டவுன். ஒரே பஸ்ஸில் போவோம். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவாள். நான் கூட்டத்தில் தொங்கிக்கொண்டு வந்தால் என் டிபன் பாக்ஸை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். அப்பா இல்லை. அம்மாவுக்குக் கண் சரியில்லை. தங்கை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் வேலைக்குப் போனது அவள் ஒருத்திதான்.

லாக் ஃபைலில் ஒரு தொல்லை இருந்தது. டவருக்குப் போகும் லைன் விட்டுவிட்டு வந்தால், மெஷின் அதே செய்தியை மறுபடி அனுப்பி இன்னொரு வரி எழுதிவிடும். மழை நாளில் ஒவ்வொன்றும் நாலு தடவை இருக்கும். க்ளீன் பண்ணிக் கொடு என்றார் மேனேஜர். ஒரே மாதிரி வரிகளில் ஒன்றை மட்டும் விட்டு மிச்சத்தை நீக்குவது யூனிக் கட்டளை, ஆனால் அவை அடுத்தடுத்து இருந்தால்தான் அதற்குக் கண் தெரியும். முதலில் சார்ட் போட்டு, அதாவது வரிசைப்படுத்தி, அவற்றைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். ஆனால் நேரம் மாறியதால் எந்த வரியும் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. அதனால் முன்னால் இருந்த அழைப்பு எண்ணையும் நேரத்தையும் சேர்த்தே வெட்டி எறிந்தேன். நேரத்தை மட்டும் வெட்டியிருக்க வேண்டும். மெஷின் திருப்பி அனுப்பினால் அழைப்பு எண் மாறாது. ஆள் திரும்பப் போன் செய்தால்தான் புது எண் விழும். இது எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டுவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஃபைல் பாதியாகச் சுருங்கியது. டிஸ்க்கில் இடமில்லாததால் பழைய ஃபைலை அழித்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் இதையே செய்தேன். அழிப்பதற்கு முன் டேப்பில் நகல் எடுத்து மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. டேப் ஓடி முடிய ஒரு மதியம் முழுக்கப் போகும், யார் உட்கார்ந்திருப்பது?

டீ குடிக்கும் இடத்தில் அந்தப் பெண்களிடம் பீற்றிக்கொண்டேன். “ஒரே மெசேஜ் எத்தினி தடவ இருந்தா இன்னா, ஒண்ணு போதும். மிச்சத்த எடுத்துடுவேன்.”

அவள் மட்டும் கேட்டாள். “ஆளுங்களே மூணு தடவ கூப்புட்டு சொன்னா இன்னாண்ணா பண்ணுவீங்க?”

“நீ டைப் அடிக்கிற வேலைய மட்டும் பாரு,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இரண்டு வாரத்தில் ஒருவர் புகாரோடு வந்தார். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். உடனே வரச் சொல்லித் தம்பி அதே வார்த்தைகளில் மூன்று தடவை எங்களுக்குப் போன் செய்திருக்கிறான். பேஜரில் வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியாகச் சொன்னது. இவர் போய்ச் சேர்வதற்குள் அம்மாவின் முகத்தை மூடிவிட்டார்கள். மனிதர் கத்தவில்லை. முதல் இரண்டு தடவை போனை எடுத்தவர் ஏன் அனுப்பவில்லை என்று மட்டும் கேட்டார். அவருக்கு பீன்யாவில் வேலை. அங்கே பாதி இடத்தில் சிக்னல் எட்டாது, அனுப்பிய செய்தி பேஜருக்குப் போகாமல் தொலைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

மூன்று தடவையும் போனை எடுத்தவள் நான்தான் என்று அவளே மேனேஜர் அறையில் வந்து சொன்னாள். லாக்கைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். அந்த நம்பருக்கு ஒரு வரிதான் இருந்தது.

“மூணையும் அனுப்புனேன் சார். அவரு தம்பி அழுதுகினே சொன்னாரு, எனக்கு எப்படி சார் மறக்கும்?” என்றவள், என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, ஒரே மெசேஜா இருந்தா எடுத்துடுவேன்னு நீங்கதானே சொன்னீங்க? சாருக்குச் சொல்லுங்கண்ணா.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் அடுத்து, பழைய ஃபைல் எங்கே என்று கேட்பார்.

“மெஷின் ரிப்பீட் பண்றத மட்டும்தான் எடுக்கும் சார். ஆளுங்க அனுப்புனதத் தொடாது,” என்றேன். வடிகட்டிய பொய். குரல் நடுங்கக்கூட இல்லை. போதாதென்று, “இந்தப் பொண்ணுங்க பேசிக்கினு இருந்துட்டு போன் கால விட்டுடறாங்க சார்,” என்றும் சேர்த்துக்கொண்டேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அன்று மாலை அவள் ஹெட்போன் ஒயரைச் சிக்கில்லாமல் சுற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். சம்பந்தப்பட்டவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம் என்று அந்த மனிதருக்குக் கம்பெனி கடிதம் போட்டது.

மறுநாள் பஸ்ஸில் டிபன் பாக்ஸை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். குற்ற உணர்ச்சி வரவில்லை. அவள் மேல் எரிச்சல்தான் வந்தது. மூன்றையும் தானே எடுத்ததாக ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? ஒன்றை இன்னொருத்தி தலையில் கட்டியிருந்தால் விஷயம் குழம்பிப் போயிருக்கும். அசட்டு நாணயம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வேலைக்குப் போனேன்.

சில வருஷத்தில் எல்லோர் கையிலும் மொபைல் வந்து பேஜர் செத்துப்போனது. கம்பெனியை மூடினார்கள். நான் வேறு இடத்தில் நல்ல வேலையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வியாழக்கிழமை விவேக் நகர் கிறிஸ்தவக் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நின்றபோது, மெழுகுவத்திக் கடையில் அவளைப் பார்த்தேன். நின்றபடி விற்றுக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். அப்படியே நழுவியிருப்பேன், அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

கிட்டே போய், “மன்னிச்சிடும்மா,” என்றேன். ஒரு கிழவருக்கு மெழுகுவத்தி எடுத்துக்கொடுத்தாள். கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன். ஒரு கட்டைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தாள். மூன்றாவது தடவையும் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“ஒரு தடவ சொன்னா போதும் சார். மிச்சத்த எடுத்துடுங்க.”