பார்லர் அக்காவின் பாட்டுப் பெட்டி

கழற்றிய ஸ்க்ரூக்களை உதடுகளுக்கிடையில் கவ்விக்கொண்டுதான் அவர் பேசுகிறார். "கீழ வச்சா உருண்டு ஓடிடும். வாய்தான் பத்திரம்." ஹேர்பின்னைக் கவ்விப் பழகிய வாய் அது, பேச்சும் தடைபடவில்லை, சிரிப்பும் தடைபடவில்லை. பார்ப்பவருக்குத்தான் ஒன்று தொண்டைக்குள் இறங்கிவிடுமோ என்று பயம்.

தெருவில் எல்லோருக்கும் அவர் பார்லர் அக்கா. வீட்டின் முன்னறை அழகு நிலையம், பின்னறை கணவருக்கு. நடுவில் இருக்கும் சாப்பாட்டு மேசையில் பழைய சி.டி. பிளேயர் ஒன்று வயிறு திறந்து கிடக்கிறது. பக்கத்தில் புருவம் எடுக்கும் இடுக்கி, காது குடையும் பஞ்சுக்குச்சி, பவுடர் பிரஷ், ஹேர் டிரையர். ரிப்பேர் கருவி என்று சொல்ல ஒரு ஸ்க்ரூ டிரைவர். பிளக்கைக்கூடப் பிடுங்கவில்லை. நான் பதறிப்போய்ச் சொன்னால், "அட, ஆமால்ல!" என்று சாவகாசமாக வயரை உருவுகிறார்.

"இதுக்கு முன்னாடியும் ஒண்ணு இருந்துச்சு. கல்யாணமான புதுசு. டிஸ்க்கைப் படிக்கிற அந்தக் குட்டிக் கண்ணு அழுக்கா இருக்கேன்னு நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டுத் துடைச்சேன். பளபளன்னு வரும்னு பார்த்தா, பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு! பிளாஸ்டிக்குன்னு எனக்கென்ன தெரியும்? 'குருடாக்கிட்டியேடி'ன்னு வீடே இடியற மாதிரி கத்தினாரு." பின்னறைப் பக்கம் பார்க்கிறார். "இப்ப அந்தக் கத்தலுக்குத்தான் ஏங்கறேன்."

கணவர் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விட்டவர். மைக் இல்லாமலே கடைசி லாரிவரை எட்டும் குரல். போன வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, கூடவே பேச்சும். தாகம் என்றால் டம்ளரைக் காட்டுவார், அவ்வளவுதான். அப்படியிருந்தவர், ஒரு நாள் இந்தப் பெட்டியில் பாட்டு ஓடியபோது கூடவே பாடினார். வார்த்தை பிசகாமல்.

"நான் ஹேர் டை கலக்கிட்டிருந்தேன். கிண்ணத்தோட போட்டுட்டேன். தரையைப் பாருங்க, கறை இன்னும் போகலை. பேயறைஞ்ச மாதிரி நின்னேன்."

பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் சந்தோஷப்பட்டாராம். பேசும் வழி அடைபட்டாலும் பாடும் வழி திறந்திருக்கலாம். தினமும் பாட விடுங்கள், பின்னாலேயே பேச்சும் வரலாம் என்றாராம். வந்தது. ஒரு நாள் பாட்டு முடிந்த கையோடு "தண்ணி" என்றார். அன்றிலிருந்து பெட்டிக்கு வீட்டில் மருந்து டப்பாவின் மரியாதை.

அந்தப் பெட்டிதான் இப்போது மக்கர் செய்கிறது. எந்த டிஸ்க்கைப் போட்டாலும் முதல் பாட்டில் ஓரிடத்தில் மூன்று முறை திக்குவது அதன் பழைய வியாதி. இந்த வாரம் திக்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. பெட்டி நின்றால் அவரும் நிற்கிறார்.

நாத்தனார் நிலைப்படியில் நின்று பொருமுகிறார். "அண்ணி, இந்தக் குப்பையைத் தூக்கிக் கடாசுங்க. அந்தப் பாட்டு போன்லயே இருக்கே."

"போட்டுக் காட்டாமலா இருப்பேன்? போன் பாட்டு உங்க அண்ணனுக்கு ஆகலை. பாதியிலயே வாயை மூடிக்கிறாரு."

லென்ஸ் ஊர்ந்துபோகும் கம்பியின் ஓரத்தில் ஒரு குட்டிப் பல்சக்கரம். அக்கா இடுக்கியை நுழைத்து எதையோ பிடிக்கிறார். இழுக்கிறார். வருகிறது. வந்துகொண்டே இருக்கிறது. தலைமுடி! முழங்கை நீளத்துக்குச் செம்பட்டைச் சாயம் பூசிய ஒன்று, அதைச் சுற்றிக் கறுப்பும் நரையுமாக ஒரு சுருள். பார்க்கவே குமட்டுகிறது.

"அடப்பாவி! ஊரு முடியெல்லாம் உள்ள போய் உக்காந்திருக்கு. இதுலதான் தடுக்கித் தடுக்கி விழுந்திருக்கு."

மூடியைப் பொருத்தி, பின்னறையில் கணவரின் நாற்காலியருகே வைத்து, பிளக்கைச் செருகித் தட்டிவிடுகிறார். பாட்டு எழுகிறது. அவரும் எழுகிறார்; உடம்பு அசையவில்லை, குரல் எழுகிறது. கரகரப்பான, அறையை நிறைக்கும் குரல். 'வாசல் வரைக்கும் வந்த காற்று' என்ற வரியைப் பெட்டி ஒரு திக்கலும் இல்லாமல் கடந்துபோகிறது. அக்கா கைதட்டுகிறார்.

தட்டிய கை அந்தரத்தில் நின்றது. கணவர் பின்தங்கிவிட்டார். "வாசல் வரை... வரை... வரை..." பாட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தது. ஓடும் பஸ்ஸிலிருந்து தள்ளிவிடப்பட்டவர் போலப் பெட்டியைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

"அண்ணா!" என்று நாத்தனார் அலறினார். அக்கா பாய்ந்துபோய் அவர் முகத்தைப் பிடித்தார். "என்னங்க, சிரிங்க. எங்க, சிரிச்சுக் காட்டுங்க. வாய் கோணுதா பாரு, சீக்கிரம் பாரு!" மறுபடியும் பக்கவாதம் அடித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவர் எரிச்சலோடு அந்தக் கையைத் தள்ளினார். நல்ல கையைப் பெட்டியை நோக்கி நீட்டினார். ஒரு விரலை உயர்த்தினார். பிறகு இரண்டு. பிறகு மூன்று. கடைசியில் உள்ளங்கையால் நாற்காலிக் கையை ஓங்கி அறைந்தார்.

"ஐயோ அண்ணி," என்றார் நாத்தனார். "ஏலம் விடறாரு!"

அக்கா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்... மூணு தரம் சொல்லாம இந்த மனுஷன் எதைத்தான் முடிச்சிருக்காரு?" சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "திக்கலைச் சேர்த்துத்தான் பாட்டையே பாடமாக்கியிருக்காரு. அதான் போன்ல வாயை மூடினாரா? நான் போய் அதைப் பிடுங்கி எறிஞ்சுட்டேனே!"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு பாட்டை முதலிலிருந்து போட்டார். கணவர் முறைத்தபடியே சேர்ந்துகொண்டார். அக்கா பெட்டியருகே நகர்ந்து, விரலை மடக்கி, மூடிக்கு மேலே பிடித்துக்கொண்டார்.

"என்ன பண்றீங்க அண்ணி? இப்பத்தானே சரியாச்சு!"

"உஷ்."

'வாசல் வரை' என்றதும் விரல் முட்டியால் நறுக்கென்று ஒரு தட்டு. பெட்டி திக்கியது. அவரும் திக்கினார். அடுத்த தட்டுக்கு, அவர் உதடுகளையே பார்த்தபடி, அக்காவின் முட்டி ஓங்கியே நின்றது.